பஞ்சப்படி முதல் எடைக்குறைப்பு அட்டவணை வரை: திண்டுக்கல் சமவெளியில் உணவியல் ஆலோசனையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உடல் எடையைக் குறைக்க வேண்டி உணவியல் வல்லுநரை நாடுவது தமிழ்நாட்டின் சிறுநகரங்களிலும் இன்று இயல்பாகிவிட்டது. அவ்வல்லுநர் கையாளும் எடைக்கருவி, கலோரிக் கணக்கு, சரிவிகித உணவுப் பட்டியல் ஆகியவை இந்நிலப்பகுதிக்குள் பசியை அளக்கும் கருவிகளாகவே நுழைந்தன. பழைய மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த திண்டுக்கல் சமவெளியை மையமாகக் கொண்டு, பற்றாக்குறைக்கென உருவான ஓர் அறிவுத்துறை மிகுதியை எதிர்கொண்ட வரலாற்றையும், அத்திருப்பத்தில் தீராது நிற்கும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உணவியல், உடற்பருமன், பத்தியம், பஞ்சம், காந்திகிராமம், திண்டுக்கல்

முன்னுரை

தமிழ்ப் பேச்சு வழக்கில் 'இளைத்துவிட்டீர்களே' என்பது பாராட்டன்று. அது கவலையின் சொல். இளைப்பு என்னும் சொல் மெலிவையும் களைப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. 'பூசினாற்போல' என்பதோ நிறைவின் சொல். சத்துணவு என்றதும் பள்ளிக்கூடத்துத் தட்டும் அதில் விழும் சோறுமே நினைவுக்கு வருகின்றன. எவரும் அச்சொல்லைக் கேட்டு உணவைக் குறைப்பதை எண்ணுவதில்லை. இத்தகைய சொற்களஞ்சியத்தோடு வாழும் ஒரு சமூகத்தில், 'எடையைக் குறைக்க என்ன உண்ண வேண்டும்' என்ற கேள்வியைக் கட்டணம் செலுத்தி ஒரு வல்லுநரிடம் கேட்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது.

திண்டுக்கல் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். சோளமும் கம்பும் விளைந்த வானம்பார்த்த நிலங்களும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையும், நூற்பாலைகளும், சீரகச்சம்பா பிரியாணிக்குப் பெயர்பெற்ற உணவகங்களும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டமாகப் பிரியும்வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட செய்திகள் பெரும்பாலும் மதுரை மாவட்டச் செய்திகளாகவே கிடைக்கின்றன.

1863: இரண்டு நூல்கள்

1863ஆம் ஆண்டில் உணவு பற்றி இரண்டு ஆங்கில வெளியீடுகள் தோன்றின. ஒன்று இலண்டனில் வெளிவந்தது. அதை எழுதிய வில்லியம் பான்டிங் ஈமச்சடங்குப் பணிகளை நடத்தும் தொழிலைச் செய்தவர். காது மந்தமானதற்காக வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரை அவர் அணுகினார். மருத்துவரோ நோயின் வேர் உடற்பருமனில் உள்ளதெனக் கருதி, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கச் சொன்னார். 1862 ஆகஸ்டில் 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ, இருந்த பான்டிங் ஓராண்டளவில் 46 பவுண்டு குறைந்தார். அவ்வனுபவத்தை அவர் எழுதிய சிறுநூல் பெரும் புகழ்பெற்று, அவர் பெயரே ஆங்கிலத்தில் உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. எடைக்குறைப்புக்கென மருத்துவரிடம் உணவு ஆலோசனை பெறும் நவீன வழக்கத்தின் தொடக்கமாக ஆய்வாளர் பலர் சுட்டுவது இந்நூலையே.

மற்றொன்று சென்னையில் வெளிவந்தது. டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்னும் மருத்துவ அதிகாரி சென்னை மாகாண மக்களின் உணவு குறித்தும், மாவட்டச் சிறைகளில் கைதிகளுக்கு வழங்கப்பட்ட உணவளவு குறித்தும் தொகுத்த அறிக்கை அது. ஒரு மனிதன் உயிரோடிருந்து வேலை செய்ய எவ்வளவு தானியம் வேண்டும் என்பதே அதன் வினா.

ஒரே ஆண்டில் ஒரு நகரம் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டது. மற்றொரு நகரம் எவ்வளவு குறைந்தால் போதும் என்று கேட்டது. தற்செயலாக நேர்ந்ததுதான் இப்பொருத்தம். எனினும் தமிழ்நாட்டில் உணவியல் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு பவுண்டு தானியம்

1876 - 78 பெரும் பஞ்சம் மதுரை மாவட்டத்தையும் வாட்டியது. 1877 சனவரியில் இந்திய அரசின் பேராளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்குரிய விலையும் சிறு தொகையும் கூலியாகப் போதும் என வகுத்தார். அப்போது மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தவர் கார்னிஷ். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சிறை உணவை ஆராய்ந்த அவர், உழைக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது என்று எழுத்து மூலம் எதிர்த்தார். பருப்பும் எண்ணெயும் காய்கறியும் இன்றித் தானியம் மட்டும் உண்ணும் உடல் நாளடைவில் நலியும் என்பதும் அவர் வாதத்தின் பகுதி. சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் நேர்ந்த இழப்பு திரும்பப் பெறத்தக்கதாக இல்லை.

இப்பகுதியின் வரலாற்றில், அரசின் உணவளவை உணவறிவின் துணைகொண்டு ஒரு வல்லுநர் எதிர்த்து நின்ற முதன்மையான நிகழ்வு இதுவே எனலாம். அக்காலத்தில் கலோரி என்னும் அலகு உணவுக்குப் பயன்படவில்லை. இன்றைய உணவு அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், அரிசி ஏறத்தாழ 1,600 கலோரி தரும். இன்று உணவியல் ஆலோசனை மையங்களில் எடைக்குறைப்புக்காக எழுதித்தரப்படும் திட்டங்கள் வழக்கமாக 1,200 முதல் 1,800 கலோரிக்குள் அமைகின்றன. பஞ்சத்தின் கூலியும் இன்றைய அட்டவணையும் எண்ணளவில் ஒரே எல்லைக்குள் நிற்கின்றன. இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. பஞ்சக்கால உடல் ஏற்கெனவே மெலிந்தது. நாள் முழுதும் மண்ணைத் தோண்டியது. அதற்குப் புரதமோ காய்கறியோ கிட்டவில்லை. இன்றைய திட்டம் சேமிப்பு மிக்க உடலுக்கு, புரதமும் நாரும் கூட்டி எழுதப்படுவது. ஆயினும், குறைத்து உண்ணச் சொல்லும் அறிவுரை இச்சமூகத்தின் மூத்த தலைமுறையிடம் ஏன் எளிதில் செல்லுபடியாவதில்லை என்பதற்கு இந்த எண்ணிலும் ஒரு விடை உண்டு. வயிறு நிறையச் சோறு என்பதே அண்மைக் காலம்வரை இங்கு உடல்நலத்தின் அளவுகோலாக இருந்தது.

குன்னூரில் எலிகள், காந்திகிராமத்தில் தாய்மார்கள்

1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் தொடங்கப்பட்ட இராபர்ட் மக்காரிசனின் ஆய்வகம் பின்னர் உணவூட்ட ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. மக்காரிசன் இந்திய வட்டாரங்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து எடைபோட்டார். சீக்கியர் உணவு உண்டவை சராசரி 235 கிராமும், சென்னை மாகாணத்தவரின் அரிசியுணவு உண்டவை 155 கிராமும் எடை கொண்டன என்பது அவர் முடிவு. இங்கு எடை கூடுதலே நலத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தமிழ் உடல் மெலிந்தது, அதற்குத் தீட்டிய அரிசி காரணம் என்னும் கருத்து அதன்பின் பாடநூல்கள்வரை சென்றது. மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா கைக்குத்தல் அரிசியை வலியுறுத்தியதும் ஏறத்தாழ இதே அறிவுச்சூழலில்தான். அவர் வந்துசேர்ந்த வழி பொருளாதாரம் என்பது வேறு செய்தி.

மக்காரிசனுக்குப்பின் 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, இந்திய உணவுப்பொருள்களின் சத்து மதிப்புகளைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். இன்று திண்டுக்கல்லில் ஓர் உணவியலர் ஓர் இட்லிக்கு இத்தனை கலோரி என்று எழுதும்போது அவ்வெண்ணின் மூதாதை அந்த வெளியீடே. பலமுறை திருத்தப்பட்டு, 2017இல் இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணையாகப் புதுவடிவம் பெற்றது. அட்டவணையின் முதல் நோக்கம் நிறைவான உணவைத் திட்டமிடுதல்; அதாவது, குறைவை நிரப்புதல்.

இவ்வறிவைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றதில் காந்திகிராமத்தின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. மருத்துவரான தி. சு. சௌந்தரமும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகில் 1947இல் அதனை நிறுவினர். கஸ்தூரிபா மருத்துவமனை தாய்சேய் நலத்தை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் தோன்றி, 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஆத்தூர் வட்டாரத்தில் 1959இல் தொடங்கிய முன்னோடி நலவாழ்வுத் திட்டத்தின் தொடர்ச்சியாக, 1964இல் ஊரக நலவாழ்வுக்கும் குடும்பநலத்துக்குமான நிறுவனம் உருவாயிற்று. சௌந்தரம் 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால், இவ்வட்டாரத்தில் மருத்துவ அறிவும் அரசியல் செல்வாக்கும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன எனல் பொருந்தும்.

இதே காலத்தில் கோயம்புத்தூரில் 1957இல் தொடங்கப்பட்ட அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும், அமெரிக்காவின் ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப்பட்டம் பெற்றுத் திரும்பி அதனை வழிநடத்திய இராஜம்மாள் பா. தேவதாசும் உணவியலைப் பெண்கள் கற்கும் ஒரு தொழிற்கல்வியாக்கினர். இந்திய உணவியல் சங்கம் 1963இல் அமைந்தது. காந்திகிராமத்திலும் மனையியல் பாடத்துறை இடம்பெற்றது. இன்று இவ்வட்டாரத்தில் உணவு ஆலோசனை வழங்குவோருள் பெரும்பாலோர் பெண்களாக இருப்பதற்கு இம்மனையியல் மரபே காரணம்.

தூக்கு எடைக்கருவி

1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் முன்னோட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நிகழ்ந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் குறிப்பதும், எடை போதிய அளவு கூடாத குழந்தைக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு இணையுணவு அளிப்பதும், அக்காலத்தில் தாய்க்கு ஆலோசனை வழங்குவதும் அதன் நடைமுறை. 1982 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சத்துணவுத் திட்டம் அனைவர்க்கும் உணவு என்றது. இத்திட்டமோ எடைபோட்டு, தேர்ந்து, ஊட்டி, எடை கூடியதும் விடுவித்தது.

உணவியல் ஆலோசனையின் வரலாற்றில் இத்திட்டத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. மாதம் ஒருமுறை எடை பார்த்தல், அதைக் கோடாக வரைதல், கோட்டைக் காட்டிப் பேசுதல், வீட்டில் உள்ள பொருளைக் கொண்டே அறிவுரை சொல்லுதல் என இன்றைய எடைக்குறைப்பு ஆலோசகர் செய்யும் நான்கும் அப்போதே சிற்றூர் ஊழியர் செய்தவை. கோடு செல்ல வேண்டிய திசை மட்டும் வேறு. கோடு மேலே போனால் மகிழ்ந்த தாய்மாரின் பிள்ளைகள் இப்போது நாற்பதுகளில் உள்ளனர். தம் கோடு கீழிறங்க வேண்டும் என்று காத்திருப்போரில் அவர்களும் அடங்குவர்.

திசை மாறிய காலம்

மாற்றத்தின் காரணங்கள் பல. அவற்றை விரித்துரைப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மானாவாரி நிலத்தின் சோளச்சோறும் கம்பங்கூழும் அன்றாட உணவிலிருந்து பின்வாங்கின. பொது வழங்கல் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் கிடைத்தது. நீர் இறைத்தல், மாவாட்டுதல், நடந்து செல்லுதல் ஆகிய உழைப்புகளைப் பொறிகள் ஏற்றுக்கொண்டன. பட்டினியை ஒழித்த நடவடிக்கைகளுள் அரிசித் திட்டத்துக்குரிய பெருமையை மறுக்க இயலாது. தட்டில் அரிசியின் பங்கு மிகுந்தது என்பதும் அதே அளவு உண்மை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் உடல் நிறைக் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ள பெண்கள் 2015 - 16இல் 30.9 விழுக்காடு, 2019 - 21இல் 40.4 விழுக்காடு. ஆண்கள் 28.2இலிருந்து 37.0 விழுக்காடாக உயர்ந்தனர். அதே பிந்தைய ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். இவ்விரு தொகைகளையும் சேர்த்து நோக்கினால், ஒரே பெண் எடை மிகுந்தும் இரும்புச்சத்துக் குறைந்தும் இருக்கக்கூடும் என்பது விளங்கும். அத்தகையவரிடம் 'பாதி சாப்பாடு போதும்' என்பது ஆபத்தான அறிவுரை. தொழில்முறை ஆலோசனையின் தேவை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் இதுவே. அக்கம்பக்கத்தார் சொல்லும் குறிப்பும் கடையில் விற்கும் பொடியும் உண்ணும் அளவை மட்டுமே குறைக்கின்றன. எதைக் குறைக்கும்போது எதைக் கூட்ட வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை.

அளவுகோலும் ஒன்றாக இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் ஆசியர்க்கு 23, 27.5 ஆகியவற்றைக் கவனத்துக்குரிய புள்ளிகளாகக் குறித்தது. இந்திய மருத்துவர்களின் 2009ஆம் ஆண்டு இணக்க அறிக்கை 23ஐ மிகை எடையாகவும் 25ஐ உடற்பருமனாகவும் கொண்டது. இடுப்புச் சுற்றளவின் எல்லையாக ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை வகுத்தது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 23 என்பது ஏறத்தாழ 55 கிலோ. 25 என்பது 60 கிலோ. இடைப்பட்ட ஐந்து கிலோவில் நிற்பவர் அரசின் கணக்கெடுப்பில் இயல்பானவர். மருத்துவரின் மேசையில் ஆலோசனைக்குரியவர்.

சான்றும் சமவெளியும்

எடைக்குறைப்பு ஆலோசனை தமிழ்நாட்டில் வேரூன்றியது நீரிழிவு மருத்துவத்தின் நிழலில்தான். மு. விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனை நிறுவினார். மேலைநாட்டு உணவுத்திட்டத்தை அப்படியே பின்பற்றாமல், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவை அவர் பரிந்துரைத்தார். அரிசியையும் பருப்பையும் கைவிடாத நோயாளியை மதித்த முடிவு அது. பின்னர் காற்று வேறு திசையில் வீசியது. 18,090 பேரின் உணவுத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நீரிழிவு தணிய ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு 49 முதல் 54 விழுக்காடாகவும், புரதத்தின் பங்கு 19 முதல் 20 விழுக்காடாகவும் அமைய வேண்டும் என்றது. சோற்றை மலைபோல் குவித்து நடுவே குழம்பு ஊற்றும் சமவெளித் தட்டில் இது சிறு திருத்தமன்று. மேலும், புரதத்துக்குக் காசு வேண்டும். அரிசி விலையின்றிக் கிடைக்கிறது.

சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரில், உணவு மற்றும் உடற்பயிற்சி ஆலோசனை பெற்றோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மருந்து உட்கொண்டோர்க்கு 26.4 விழுக்காடு. ஆலோசனை மருந்துக்கு நிகராக நின்றது. குறிப்பிடத்தக்க எடைக்குறைவு இல்லாமலேயே இப்பயன் கிட்டியது என்பது அதனினும் முதன்மையானது. அவ்வாறாயின் ஆலோசனையின் வெற்றியைக் கிலோ கணக்கில் மட்டும் அளந்து, 'ஒரு மாதத்தில் பத்துக் கிலோ' என்று விளம்பரம் செய்வது அறிவியலுக்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பத்தியமும் அட்டவணையும்

மருத்துவர் உணவை விதிப்பது தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயரில் பெரும்பாலும் உண்ணும் முறையையே பேசுகிறது. சித்த மருத்துவம் கொழுப்பை ஏழு உடற்கட்டுகளுள் ஒன்றாகக் கொள்கிறது. மருந்தோடு பத்தியத்தை விதிக்கிறது. ஆனால் பத்தியத்துக்கு எல்லை உண்டு. மருந்து முடிந்ததும் மறுபத்தியம். அதன்பின் நோயாளி பழைய உணவுக்குத் திரும்புகிறார். பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரின் விரதமும் அத்தகையதே; நாள் குறித்துத் தொடங்கி நாள் குறித்து முடிவது.

எடைக்குறைப்பு அட்டவணையைப் பெறுவோர் பலர் அதனை இம்மரபின் வழியே புரிந்துகொள்கின்றனர் எனக் கருத இடமுண்டு. மூன்று மாதம் கடைப்பிடித்து, எடை குறைந்ததும் முடிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். குறைந்த எடை திரும்புகிறது. உணவியலரின் நோக்கில் இது கட்டுப்பாடின்மை. பண்பாட்டு நோக்கில் இது கட்டுப்பாட்டைப் பற்றிய வேறொரு கருத்து. அட்டவணைக்கு முடிவுநாள் இல்லை என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லாத ஆலோசனை, பத்தியமாகவே வாங்கிக்கொள்ளப்படும். தமிழில் இவ்வேறுபாட்டைக் குறிக்கத் தெளிவான சொல் இன்னும் உருவாகவில்லை. 'டயட்டில் இருக்கிறேன்' என்னும் வழக்கும் ஓர் இடைக்கால நிலையையே சுட்டுகிறது.

யார் சொல்லலாம்

உணவியலர் என்று தம்மை அழைத்துக்கொள்ள நாடு முழுமைக்குமான சட்டத் தகுதி நெடுங்காலம் இல்லை. 2021இல் நிறைவேறிய தேசிய இணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டமே உணவியலரையும் ஊட்டச்சத்து வல்லுநரையும் பதிவுக்குரிய தொழில்வகையாக ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நீரிழிவு, குருதி அழுத்தத்துக்கான மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

மருந்து வாசலுக்கு வருகிறது. மாத்திரையின் எண்ணிக்கையைச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். ஒரு வீட்டின் அடுப்படியை அறிந்து, யார் கடைசியில் உண்கிறார், மீந்த சோறு யார் தட்டுக்குப் போகிறது, ஆலையின் இரவுப்பணி முடிந்து வருபவர் எப்போது உண்கிறார் என்றெல்லாம் கேட்டு அறிவுரை சொல்ல அந்நேரம் போதாது. கொட்டாம்பட்டியில் 1980இல் எடைக்கருவியோடு வந்த ஊழியர்க்கு மாதந்தோறும் அதே தாயைச் சந்திக்கும் வாய்ப்பு இருந்தது. கட்டணம் செலுத்தி நகரத்து ஆலோசகரை நாட இயலாத ஆத்தூர், வேடசந்தூர், நிலக்கோட்டைச் சிற்றூர்ப் பெண்ணுக்கு இன்று அத்தகைய தொடர்ச்சியான சந்திப்பை அளிக்கக்கூடிய இடமாக அங்கன்வாடி எஞ்சியுள்ளது. அங்கே எடைக்கருவியும் இருக்கிறது; அது குழந்தைகளுக்கும் தாய்மையுற்றோர்க்கும் உரியது.